பொக்கை வாய் தேடிய விடுமுறை

சிங்கப்பூரில் பல் வைத்தியம் படித்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதிரே வருபவரின் முகத்தை விட்டுவிட்டு வாயைப் பார்ப்பேன். அவர் சிரித்தால் பல்லைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பேன். மூன்றாம் வருஷம் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். யாராவது சிரிக்கும்போது பல் தெரிந்தாலே எனக்கு ஏமாற்றமாகிவிடும். மேலும் கீழும் ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிட்டது போன்ற ஒரு பொக்கை வாய்தான் அப்போது என் கனவு.

காரணம் இருந்தது. மூன்றாம் வருஷத்து மாணவன் ஒவ்வொருவனும் ஒரு நோயாளிக்கு முழுப் பல்செட் செய்து பொருத்திக் காட்டியாக வேண்டும். அளவெடுப்பதிலிருந்து மெருகு போடுவது வரை அவன் கைவேலைதான். ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். போடவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நோயாளியையும் நாமே பிடித்து வர வேண்டும் என்பதுதான் எங்களைத் தெருத்தெருவாக அலைய வைத்தது.

சிங்கப்பூரில் பல் போனவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்களுக்கு மேல் வகுப்பு அண்ணன்மார் முந்திக்கொண்டுவிட்டார்கள். ரிக்‌ஷா இழுப்பவர், மீன் விற்கும் பாட்டி, கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர் என்று எல்லாப் பொக்கை வாய்க்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தான். ஒருநாள் ஆற்றங்கரையில் ஒரு சீனப் பெரியவரைக் கண்டு ஆசையோடு நெருங்கினேன். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அவரே வாயைத் திறந்து காட்டினார். உள்ளே புத்தம்புது பல்செட், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஓர் அண்ணன் தேறிவிட்டான் என்று புரிந்துகொண்டு திரும்பினேன்.

அந்தப் படிப்பு எவ்வளவு கஷ்டம் என்பதை வீட்டில் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததேயில்லை. என் அப்பா மலாயாவில் லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் சின்னக் கிராணி. ஆபீசில் பேர் எழுதுகிற வேலை. எஸ்டேட்டில் மருந்து கொடுக்க ஒரு டிரஸர் இருந்தார். பல்வலி என்று போனால் அவர் நோயாளியைத் தூணோடு சாய்த்து உட்கார வைத்து, கொறடாவை எடுத்து, "அங்க பாரு, தொரை வர்றாரு" என்பார். நோயாளி திரும்பிப் பார்ப்பதற்குள் பல் வெளியே வந்திருக்கும். இதைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு என் படிப்பு ஒரு பெரிய புதிர்.

"பல்லு புடுங்கறதுக்கா தம்பி இத்தனை வருஷம்?" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேட்காத ஆளில்லை. "நீ மெதுவா புடுங்குவியோ?"

பிடுங்குவதற்கு முன்னால் எத்தனை இருக்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? முதல் வருஷம் டாக்டருக்குப் படிப்பவர்களோடு சேர்த்து எங்களையும் பிணத்தின் முன் நிறுத்திவிட்டார்கள். பல்லுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. டாக்டர் பிள்ளைகள் படித்ததை நாங்களும் படித்தோம். அவர்கள் படித்துவிட்டுப் போய்ப் பந்து விளையாடினார்கள். நாங்கள் படித்துவிட்டுப் போய் மெழுகைச் செதுக்கினோம்.

மெழுகுக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்க வேண்டும். மேடு, பள்ளம், வரி எல்லாம் நிஜப் பல்லில் இருக்கிற மாதிரியே. பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர், ஒல்லியான உயரமான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. நான் ஒரு வாரம் செதுக்கிய பல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த மிருகத்தினுடையது?" என்று கேட்டார்.

பிறகு அதைக் கட்டைவிரலால் நசுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் அறையில் இருந்த சீன நண்பன் செதுக்கியதைப் பார்த்து, "அழகான உருளைக்கிழங்கு" என்றார். நாங்கள் இருவரும் அந்த வருஷம் சோப்புக் கட்டி, கேரட், கடைசியில் விடுதிச் சாப்பாட்டில் வந்த நிஜ உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் பல் செதுக்கிப் பழகினோம். குளிக்கப் போனால் கையில் கடைவாய்ப்பல் நுரைக்கும்.

இப்படியெல்லாம் தப்பி மூன்றாம் வருஷம் வந்தவன்தான், பொக்கை வாய் கிடைக்காமல் தோற்றுப்போகும் நிலையில், விடுமுறைக்கு எஸ்டேட் வந்து சேர்ந்தேன்.

ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்திருந்த காலம் அது. பால் குறைவு, வேலையும் குறைவு. ஜனங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. நடந்துகொண்டே வரிசையாக எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டு போவேன். ரெண்டு நாளில் லயத்தில் செய்தி பரவிவிட்டது. கிராணி மகன் பரீட்சைக்குப் பல் சேர்க்கிறானாம், அசந்தால் பிடுங்கிவிடுவானாம். நான் வருவதைக் கண்டாலே பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் வாயைத் திறக்காமல் மூக்காலேயே "வாங்க தம்பி" என்றார்கள்.

"ஏண்டா, கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணுங்க இருக்கற எடம். இப்படியா வாயப் பாத்துக்கிட்டுத் திரிவே?" என்று அம்மா என்னைக் கடிந்துகொண்டாள்.

"அவங்களுக்கெல்லாம் பல்லு இருக்கும்மா. எனக்கு வேணாம்."

அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, இவனுக்கு வேப்பிலை அடிக்க வேண்டும் என்றாள்.

அப்பாதான் வழி சொன்னார். "நம்ம கங்காணியாரப் பாத்தியா?"

கங்காணியார் எங்கள் எஸ்டேட்டில் பெரிய ஆள். ஊரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு வந்தவர், அவர்களை மேய்த்து வேலை வாங்குகிறவர். தலைப்பாகை, கோட்டு, கையில் பிரம்பு, காதில் கடுக்கன். நான் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். முன்பு அவர் வாயில் பல் இருந்ததாக எனக்கு ஞாபகம். ஆனால் நான் சிங்கப்பூரில் இருந்தபோது புகையிலையும் வெற்றிலையும் டிரஸரின் கொறடாவும் சேர்ந்து மொத்தத்தையும் முடித்துவிட்டிருந்தன.

மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போனேன். பெரட்டு என்பது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. கங்காணியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழங்கினார்.

"எல்லாம் பஹ்ஹாம் நம்பர்க் காட்டுக்குப் போங்க!"

பத்தாம் நம்பர் மலை மேல் இருந்தது. எட்டாம் நம்பர் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எட்டாம் நம்பராம்லா" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் முழுக்கச் சந்தோஷமாக எட்டாம் நம்பருக்கு நடந்துவிட்டது. கங்காணியார் பிரம்பை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "பஹ்ஹு! பஹ்ஹுடா!" யாரும் திரும்பவில்லை.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது நான் மரத்தடியில் காத்திருந்தேன். அத்தனை அழகான வாயை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே ஒன்றும் இல்லை.

"மாமா, நான் உங்களுக்குப் பல்லு கட்டித் தரேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேச்சு வருமா?"

"வரும் மாமா."

"பத்துன்னா பத்துன்னு கேக்குமா?"

"மலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கும் கேக்கும்."

(அவர் உண்மையில் சொன்னது இப்படித் தெளிவாக இல்லை. நான்தான் பல் போட்டு எழுதுகிறேன்.)

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அத்தை, அதாவது கங்காணியாரின் மனைவி, கோப்பி கொடுத்தாள். அளவெடுக்க நான் எதையும் கொண்டு வந்திருக்கவில்லை, எல்லாம் சிங்கப்பூரில்தான் செய்ய வேண்டும், என்னோடு ரயிலில் வர வேண்டும் என்று சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"முன்னாடி மேல்பல்லுல ரெண்டுக்கு நடுவுல ஒரு சந்து வேணும்."

"சந்து எதுக்கு மாமா? இல்லாம செஞ்சாத்தான் அழகு."

"அழகு யாருக்கு வேணும்? அது வழியாத்தான் நான் விசிலடிப்பேன். எனக்குக் கீழ ஆள மேய்க்கற மண்டோர்மாருங்க எந்தக் காட்டுல இருந்தாலும் ஓடியாருவானுங்க. இப்போ ஊதுனா காத்துதான் வருது."

அத்தை உள்ளேயிருந்து சொன்னாள்: "அந்தச் சந்தப் பாத்துதான் தம்பி எங்கப்பா பொண்ணு குடுத்தாரு. ராசியான சந்துன்னாரு."

இரண்டு குடும்பத்துச் சம்மதத்தோடு வந்த சந்தை நான் எப்படி மறுப்பது? சரி என்றுவிட்டேன்.

பல் எதில் செய்வாய் என்று அவர் கேட்டார். பல் பீங்கான், அதைத் தாங்குகிற செயற்கை ஈறு ரப்பர் என்றேன். கங்காணியார் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"ரப்பரா? நம்ம மரத்துப் பாலா?"

"அதுல கந்தகம் சேத்து, வேகவச்சு..."

"இத்தனை வருஷமா இந்தப் பாலு எங்க போவுது எங்க போவுதுன்னு இருந்தேன். வாயிக்குத்தான் போவுதா!"

புறப்படும் நாளில் லாபு ஸ்டேஷனுக்கு அவர் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். கையில் ஒரு துணிச் சுருள். ரயில் ஓடத் தொடங்கியதும் பெட்டி முழுக்கப் புகை நாற்றம் அடித்தது. எதிரே இருந்த சீனப் பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடத்துக்குப் போனாள். நான் துணியைப் பிரித்துப் பார்த்தேன். புகை போட்ட ரப்பர் ஷீட் ஒன்று, பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தார்.

"எஸ்டேட் ஷீட்டு மாமா! தொரை பாத்தா?"

"தொரைகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். பல்லுக்குன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கோன்னாரு. என் வாயில என் எஸ்டேட்டு ரப்பர்தான் இருக்கணும்."

இந்த ரப்பரைப் போடக்கூடாது, ஈறு நிறத்தில் தயார் செய்த ரப்பர் சீமையிலிருந்து வருகிறது என்று ஜொகூர் வரை விளக்கினேன். அவர் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தார்.

"சீமைக்கு ரப்பர் எங்கேருந்து போவுது?"

"இங்கேருந்துதான்."

"அப்போ அது நம்ம ரப்பரா இருந்தாலும் இருக்கும்." அதோடு சமாதானமாகிவிட்டார். அந்த ஷீட்டை விடுதியில் என் அறைத் தரையில் விரித்து அதன் மேல்தான் படுத்தார். அறை நண்பன் மூன்று நாள் தும்மினான்.

கல்லூரியில் முதல் நாள் அளவெடுப்பு. மாவு போலக் குழைத்த பிளாஸ்டரை ஒரு தட்டில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தி, அது இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். இறுகும்போது சூடாகும். நோயாளி அசையக்கூடாது, விழுங்கக்கூடாது, முக்கியமாகப் பேசக்கூடாது. கங்காணியார் இந்த மூன்றையும் செய்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆவேசமாகச் சொன்னார். பிளாஸ்டர் தொண்டைப் பக்கம் வழிந்தது, நான் உடைத்து எடுத்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போடாமல் நகர்ந்துவிட்டார்.

"என்ன மாமா சொல்ல வந்தீங்க?"

"நல்லா இருக்கு, வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்னேன்."

மூன்றாவது தடவை அளவு சரியாக வந்தது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அடுத்து மெழுகில் ஈறு செய்து பீங்கான் பற்களை அதில் நட்டு, வாயில் வைத்துப் பார்க்கிற கட்டம். எந்தப் பல் எந்தப் பல்லோடு மோத வேண்டும், கன்னம் எவ்வளவு உப்ப வேண்டும், உதடு எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு மயிரிழை தவறினாலும் எல்லாம் குளறுபடி. முன் பற்கள் இரண்டுக்கும் நடுவே சொன்ன சொல் தவறாமல் சந்து விட்டேன்.

பேராசிரியர் வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த ஓட்டை என்ன?"

"நோயாளி கேட்டார், சார்."

"நோயாளி வால் கேட்டால் வைப்பாயா?"

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் இரண்டு பற்களையும் மெழுகில் தள்ளிச் சேர்த்துவிட்டார். சந்து மூடிக்கொண்டது. கங்காணியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சந்து போனது தெரிந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

பேராசிரியர் மலாயில், "புக்கா மூலுட்" என்றார். வாயைத் திற என்று அர்த்தம்.

கங்காணியார் தலையை ஆட்டினார். திறக்க மாட்டேன்.

பேராசிரியர் இன்னொரு தடவை சொன்னார். கங்காணியார் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கூடம் முழுக்க மாணவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் வாயைத் திறக்க மறுத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். நான் வியர்த்துப்போய், "மாமா, மாமா" என்று கெஞ்சினேன்.

"நான் எதுக்குத் தொறக்கணும்? அவரு என் சந்த அடைச்சிட்டாரு" என்று உதட்டைப் பிரிக்காமலே சொன்னார்.

பிறகு அவரே கையை நீட்டி என் கையிலிருந்த மெழுகுப் பல்லை வாங்கினார். கட்டைவிரல் நகத்தால் நெம்பி இரண்டு பற்களையும் பழையபடி விலக்கினார். பேராசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். கங்காணியார் பல்லை வாயில் மாட்டிக்கொண்டு, "சியோல் புஞ்ஞா லோபாங், துவான்" என்றார். விசிலடிக்கிற ஓட்டை, தொரை. சொல்லிவிட்டு ஊதினார்.

முதலில் வந்தது எச்சில்தான். அது பேராசிரியரின் கண்ணாடியில் போய் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் படிப்பு முடிந்தது, அப்பாவோடு சேர்ந்து ஆபீசில் பேர் எழுத வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை விசில் வந்தது.

அது சாதாரண விசில் இல்லை. மலை தாண்டி ஆள் கூப்பிடப் பழகிய விசில். பக்கத்து நாற்காலியில் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தவனின் கை துள்ளியது, அவனுடைய நோயாளி அலறினார். வாசலில் இருந்த பியூன் யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடி வந்து, "துவான்?" என்று நின்றான். அடுத்த அறையிலிருந்து இன்னொரு பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். வாய்க்குள் பார்க்கிற சின்ன முகக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கங்காணியாரின் முகத்துக்கு நேரே குனிந்து, "லாகி" என்றார். இன்னொரு தடவை.

கங்காணியார் மகிழ்ச்சியோடு ஊதினார். பேராசிரியர் காற்று போகிற இடத்தைப் பார்த்தார். ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பினார். "லாகி." மறுபடி ஊதினார். இன்னொரு பல்லைக் கொஞ்சம் ஏற்றினார். "லாகி." இப்படி இருவரும் எல்லாரையும் மறந்து விசில் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த பேராசிரியரும் உள்ளே வந்து, நாக்கு நுனி எங்கே படுகிறது என்று ஆலோசனை சொன்னார். பியூன் ஒவ்வொரு தடவையும் ஓடி வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தான்.

கடைசியில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். "பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கலாம். உன் மூளையில் இருக்கக்கூடாது. இதை நீ எனக்கு முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும்" என்றார். அவர் என்னைப் பாராட்டியதில் அதுதான் உச்சம்.

பிறகு ரப்பரை அச்சில் அடைத்து அழுத்தப் பானையில் வேகவைக்க வேண்டும். சூடு ஏறிவிட்டால் ஈறு ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாகிவிடும். அறை நண்பனுக்கு அப்படித்தான் ஆனது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டான். நான் பானையின் சூடு காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். கங்காணியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "வெந்துருச்சா? வெந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெந்தது. நன்றாகவே வெந்தது. தேய்த்து மெருகேற்றி வாயில் மாட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "பத்து".

அடுத்த விடுமுறையில் எஸ்டேட்டுக்குப் போனதும் நேராகப் பெரட்டுக்குத்தான் ஓடினேன். கங்காணியார் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். "எல்லாம் பத்தாம் நம்பர்க் காட்டுக்குப் போங்க!" கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஜனங்கள் முகம் தொங்கிப் போனது. என்னை அவர்கள் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

ஆனால் ஒரு கோளாறு. அடுத்து அவர், "சனிக்கிழமை சம்பளம், சத்தம் போடாம செய்யணும்" என்றார். "ச" வந்த இடமெல்லாம் கீச்சென்று ஒரு விசில் கிளம்பியது. மேட்டிலிருந்து ஒரு மண்டோர் விழுந்தடித்து ஓடி வந்தார். பள்ளத்திலிருந்து இன்னொருவர் வந்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. "மாமா, பின்பக்கம் கொஞ்சம் ராவுனா சரியாயிடும். குடுங்க" என்றேன்.

"ஒன்னும் வேணாம் விடு. முன்னெல்லாம் கூப்புட்டாத்தான் வருவானுங்க. இப்போ பேசுனாலே வர்றானுங்க."

சாப்பிடும்போது மட்டும் பல்லைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார் என்று அத்தை சொன்னாள். சோற்றில் பட்டால் தேய்ந்துவிடுமாம். நான் பாடுபட்டு, கடைவாய்ப் பல்லின் மேடு எந்தப் பள்ளத்தில் விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் ஒரு பருக்கையைக்கூட மென்றதில்லை.

நான் விடுதிக்குத் திரும்பிச் சில வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை வாசல்காரன் வந்து, என்னைத் தேடி ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றான். போய்ப் பார்த்தேன். வெளியே மூட்டை முடிச்சோடு ஒரு சிறு கூட்டம். ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஆட்கள் சிலர், கோலா கிளாவாங்கில் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர், வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிய ஓர் அம்மாள். என்னைக் கண்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அத்தனை பேரிடமும் சேர்த்து ஒரு பல்கூட இல்லை.

"கங்காணி அனுப்புனாரு தம்பி" என்றார் ராவுத்தர். "போயி வாயத் தொறந்து காட்டுங்க, மத்தத அவன் பாத்துக்குவான்னாரு."

கங்காணி கங்காணிதான். ஊரில் ஆள் திரட்டிய கை சும்மா இருக்குமா?

நான் பொக்கை வாய்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். என் வகுப்பில் நோயாளி கிடைக்காமல் தவித்தவர்கள், ஒரு செருப்போடும் பாதிச் சவரத்தோடும் இறங்கி வந்தார்கள். ஒருவன் அம்மாளின் மூட்டையைத் தூக்கிக்கொண்டான். இன்னொருவன் ராவுத்தருக்கு நாற்காலி கொண்டு வந்து போட்டு, குடை பிடித்தான். என் அறை நண்பன் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "சாப்பாடு? சாப்பாடு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.